நெட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: வாலிபால் கேள்வி-பதில்

2025 செப்டம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பை ஒட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பிரேசில் 3 ஆட்டத்தில் 2 ஜெயித்தது. ஆனாலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டிவிட்டது. இது எந்த ஊர் நியாயம்?

கணக்கு ஊர் நியாயம்தான். அந்தப் போட்டியில் 32 அணிகள், பிரிவுக்கு 4 வீதம் 8 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். 4 பேர் உள்ள பிரிவில் மூன்று அணிகள் தலா 2 வெற்றியோடு நிற்பது அபூர்வம் ஒன்றும் இல்லை. அப்போது ஒருவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

யார் என்பதை முடிவு செய்யும் வரிசை இது. முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை. அதில் சமம் என்றால் ஆட்டப் புள்ளிகள்: 3-0 அல்லது 3-1 என்று ஜெயித்தால் 3 புள்ளி, 3-2 என்றால் ஜெயித்தவருக்கு 2, தோற்றவருக்கு 1. அதிலும் சமம் என்றால் செட் விகிதம், அதாவது எடுத்த செட்டை இழந்த செட்டால் வகுப்பது. அதுவும் சமமானால் பாயிண்ட் விகிதம். இவ்வளவுக்குப் பிறகும் சமமாக நின்றால்தான் அந்த இரு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் யார் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள்.

கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் விளங்கும். அ, ஆ, இ, ஈ என்று நான்கு அணிகள். ஈ எல்லோரிடமும் தோற்கிறது. அ, ஆவை 3-0 என்று வீழ்த்துகிறது. ஆ, இயை 3-1. இ, அவை 3-0. ஈயை அ 3-1 என்றும், மற்ற இருவரும் 3-0 என்றும் ஜெயிக்கிறார்கள். மூவருக்கும் 2 வெற்றி, 6 புள்ளி. செட் கணக்கில் இக்கு 7-க்கு 3, அது முதலிடம். அவுக்கும் ஆவுக்கும் 6-க்கு 4, அப்பட்டமான சமம். இப்போது மொத்தப் பாயிண்ட்டை எண்ணுகிறோம். அ எடுத்தது 228, கொடுத்தது 222, விகிதம் 1.027. ஆ எடுத்தது 230, கொடுத்தது 221, விகிதம் 1.041. ஆ உள்ளே, அ வெளியே. தன்னை 3-0 என்று துவைத்த அணியை ஓரம்கட்டிவிட்டு ஆ அடுத்த சுற்றுக்குப் போகிறது!

ஈயிடம் அ ஒரு செட்டைக் கோட்டை விட்டதே, அதுதான் வினை. பிரிவில் கடைசி அணியோடு ஆடும்போது 2-0 முன்னிலையில் மாற்று வீரர்களை இறக்கலாமா வேண்டாமா என்று பயிற்சியாளர் தலையைச் சொறிவது இதனால்தான். ஓய்வு கொடுக்கப் போய் ஒரு செட் கழன்றால் மூன்று நாள் கழித்து அது வந்து கழுத்தைப் பிடிக்கும்.

கேள்வி: உலக சாம்பியன்ஷிப், வி.என்.எல். (வாலிபால் நேஷன்ஸ் லீக்), ஒலிம்பிக்ஸ்: மூன்றிலும் அதே அணிகள்தானே ஆடுகின்றன? எது பெரிது?

அதே நாடுகள் என்பது பாதி உண்மை. ஒலிம்பிக்ஸில் 12 அணிகளுக்குத்தான் இடம். நல்ல அணிகள் வாசலிலேயே நின்றுவிடும். உலக சாம்பியன்ஷிப்பில் 32: போட்டியை நடத்தும் நாடு, நடப்புச் சாம்பியன், ஐந்து கண்டங்களிலிருந்து தலா 3, மிச்சம் 15 இடம் உலகத் தரவரிசைப்படி. வி.என்.எல். ஆண்டுதோறும் நடக்கும் லீக். 1990 முதல் 2017 வரை நடந்த உலக லீக்குக்குப் பதிலாக 2018-ல் வந்தது. 2025-ல் அதில் 18 அணிகள். மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு ஆட்டம், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஊர். அதில் ஜெயிக்கப் பந்தை அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, விமானத்தில் தூங்கவும் தெரிய வேண்டும்.

மூன்றில் வயதில் மூத்தது உலக சாம்பியன்ஷிப். 1949-ல் பிராகில் தொடங்கியது. முதல் பட்டம் சோவியத் யூனியனுக்கு. ஒலிம்பிக்ஸில் வாலிபால் நுழைந்தது 1964 டோக்கியோவில்தான், அங்கேயும் ஆண்கள் தங்கம் சோவியத் யூனியனுக்கே. உலக சாம்பியன்ஷிப்பை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்ததை 2025 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கிவிட்டார்கள். தரவரிசைக் கணக்கில் ஒலிம்பிக்ஸ் ஆட்டத்துக்கு எடை 50, உலக சாம்பியன்ஷிப்புக்கு 45, வி.என்.எல்.லுக்கு 40. வீரர்களின் மனக்கணக்கும் ஏறக்குறைய அதே வரிசைதான். ஆனால் யார் உண்மையிலேயே வலுவான அணி என்று தெரிய வேண்டுமானால் நாங்கள் வி.என்.எல். அட்டவணையைத்தான் பார்ப்போம். 12 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் நீர்த்துப்போகும். 3 ஆட்டத்தில் அப்படி இல்லை. 2025 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றோடு போனது பிரேசில் மட்டுமா? அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரான்ஸும் போனது, ஜப்பானும் போனது.

கேள்வி: எதிரணி சர்வீஸ் போடும்போது ஆறு பேரும் ஒரு மூலையில் ஏன் குவிகிறார்கள்? பாதி மைதானம் காலியாகக் கிடக்கிறதே!

காலியாகத் தெரியும், காலி இல்லை. மூன்று பேர் சர்வீஸ் வாங்குகிறார்கள், மற்ற மூவர் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த ஒதுங்கலுக்குச் சட்டம் இருக்கிறது. அதனால்தான் கோணல்மாணலாகத் தெரிகிறது.

இடங்களின் எண்கள் முதலில். பின்வரிசை வலது மூலை 1, அங்கிருந்துதான் சர்வீஸ். முன்வரிசை வலது 2, நடு 3, இடது 4. பின்வரிசை இடது 5, நடு 6. சர்வீஸ் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும்; இப்படி வரும் ஒவ்வொரு நிலையும் ஒரு சுற்று. எதிராளி பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில், வாங்கும் அணி இந்த வரிசைப்படி நின்றாக வேண்டும். ஆனால் ‘இந்தக் கட்டத்துக்குள் நில்’ என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்து ஆளோடு உள்ள உறவைத்தான் பார்க்கிறது. 5-ல் இருப்பவர் 4-க்குப் பின்னால், 6-க்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவே. 2-ல் இருப்பவர் எங்கே நிற்கிறார் என்பது 5-க்குக் கவலை இல்லை. அளவுகோல் பாதம். பின்வரிசை ஆள் தன் முன்வரிசை ஆளுக்கு நேராகவோ, ஒரு பாதத்தின் கொஞ்சமாவது அவரைவிடப் பின்னால் இருக்குமாறோ நிற்க வேண்டும்.

செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், 5-ல் இருக்கும் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளதிலேயே சங்கடமானது அதுதான். பாஸ் (சர்வீஸை வாங்கியவர் செட்டருக்கு அனுப்பும் பந்து) வரும்போது செட்டர் நெட்டருகே, வலது கோட்டிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே நிற்க வேண்டும். ஆனால் சட்டப்படி அவர் இடம் பின்வரிசை இடது மூலை. என்ன செய்கிறார்கள்? 4-ல் இருக்கும் நடு பிளாக்கரை (நெட்டருகே நடுவில் எம்பி எதிரணியின் அடியைத் தடுப்பவர்) இடது கோட்டோரம் நெட்டருகே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். செட்டர் அவர் முதுகோடு ஒட்டி, ஒரு பாதம் பின்னால் நிற்கிறார். அவர்களுக்கு வலப்பக்கமாக மூன்று பேர் 9 மீட்டர் அகலத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சர்வீஸ் அடிபட்டதும் செட்டர் நெட்டை ஒட்டி ஐந்து, ஆறு மீட்டர் குறுக்கே ஓடி, பாஸ் வருவதற்குள் திரும்பி நிற்க வேண்டும். எதிரணி சர்வீஸ் போடுபவருக்கும் இது தெரியும். அந்தச் சுற்றில் பந்தை இடது ஓரத்துக்கே அடித்து, செட்டரின் ஓட்டத்துக்குக் குறுக்கே போடுவார்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், பெரும்பாலும் அரை விநாடி அவசரத்தில். சர்வீஸ் போடுபவர் பந்தைத் தூக்கிப் போட்டதுமே செட்டர் கிளம்பிவிடுகிறார். கை பந்தில் படும்போது 6-ல் இருப்பவரைத் தாண்டி வலப்பக்கம் போயிருப்பார். முதல் நடுவருக்கு எதிரே, நெட்டின் மறுமுனையில் கீழே நிற்கும் இரண்டாம் நடுவரின் வேலைகளில் முக்கியமானதே இதைக் கவனிப்பது. விசில் ஊதினால் எதிரணிக்குப் பாயிண்ட். இதில் அண்மை மாற்றம் ஒன்று: 2025-ல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி சர்வீஸ் போடும் அணியின் மற்ற ஐவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கட்டுப்பாடு வாங்கும் அணிக்கு மட்டும்தான்.

கேள்வி: லிபரோ தலைக்கு மேல் விரலால் பந்தைத் தூக்கிக் கொடுத்தார். அடித்தவர் சரியாக அடித்தார். ஆனாலும் ஃபவுல். ஏன்?

லிபரோ என்பவர் பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு வீரர். அவருடைய கால் 3 மீட்டர் கோட்டுக்கு முன்னால் இருந்திருக்கும். முன்பகுதியில் நின்றபடி லிபரோ விரலால் கொடுக்கும் பந்தை, அது முழுவதும் நெட்டின் உயரத்துக்கு மேல் இருக்கும்போது யாரும் அடித்து அந்தப் பக்கம் அனுப்பக் கூடாது. அதே இடத்திலிருந்து முன்கையால் கொடுத்தால் குற்றமில்லை. கோட்டுக்குப் பின்னாலிருந்து விரலால் கொடுத்தாலும் குற்றமில்லை.

இதில் ஒரு சந்து இருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் காலை ஊன்றி எம்பி, காற்றில் முன்பகுதிக்கு மேலே பறந்தபடி விரலால் கொடுக்கலாம். கணக்கில் வருவது கிளம்பிய இடம். நல்ல லிபரோக்கள் செட்டர் முதல் பந்தை எடுத்துவிட்ட நேரங்களில் இதைத்தான் செய்கிறார்கள். அடுத்த முறை அவருடைய கையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். குதிகால் கோட்டை மிதிக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோட்டைத் தொட்டாலே முன்பகுதிதான்.

மற்றபடி லிபரோ சர்வீஸ் போட முடியாது, பிளாக் போக முடியாது, போக முயலவும் கூடாது. பின்வரிசை ஆளுக்குப் பதிலாக அவர் உள்ளே வருவதும் போவதும் மாற்று எண்ணிக்கையில் சேராது. இரண்டு மாற்றங்களுக்கு நடுவே ஒரு ரேலி முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு நிறச் சட்டை எதற்கு என்று கேட்ட மூவருக்கும்: இத்தனை தடையும் உள்ள ஆள் எங்கே நிற்கிறார் என்று நடுவருக்குத் தெரிய வேண்டாமா?

கேள்வி: உலகத்தரம் என்கிறார்கள், ஆனால் செட்டுக்கு ஐந்தாறு சர்வீஸை வெளியே அடிக்கிறார்கள். பயிற்சியாளர்கள் திட்ட மாட்டார்களா?

திட்ட மாட்டார்கள். பல நேரம் அவர்களே கேட்டு வாங்கும் தவறு அது. சிறிய கணக்கு ஒன்று.

உயர்மட்ட ஆண்கள் ஆட்டத்தில் சர்வீஸ் வாங்கும் அணியே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாயிண்ட் எடுத்துவிடும். பத்திரமாக, மெதுவாக 100 சர்வீஸ் போட்டால் நமக்குத் தேறுவது 30 என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேகமாக அடிக்கிறோம். 100-ல் 20 நெட்டிலோ வெளியிலோ போகிறது. மிச்சம் 80. பழைய 30 பாயிண்ட்டையே எடுக்க இந்த 80-ல் 37.5 சதவீதம் ஜெயித்தால் போதும். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

80-ல் அது எப்படிச் சாத்தியம்? வேகமான சர்வீஸ் நேரடியாகப் பாயிண்ட் தருவது அதில் சிறு பங்குதான். பெரும் பங்கு, பாஸை நெட்டிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளிவிடுவதில் இருக்கிறது. பாஸ் தள்ளினால் செட்டரால் நடு ஆளுக்கு வேகப் பந்து கொடுக்க முடியாது. அந்த வழி அடைபட்டால் நம் நடு பிளாக்கர் ஏமாறாமல், பந்து போகும் ஓரத்துக்கு நிதானமாக நடந்து போகலாம். அடிப்பவருக்கு எதிரே ஒரு ஆளுக்குப் பதில் இரண்டு ஆள், சில சமயம் மூன்று ஆள் சுவராக நிற்கும்.

வேகம் எவ்வளவு என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். உச்சத்தில் மணிக்கு 130 கிலோமீட்டர், அதற்கு மேலும். மைதானத்தின் நீளம் 18 மீட்டர். அந்த வேகத்தில் பந்து வாங்குபவரின் கைக்கு வர ஏறக்குறைய அரை விநாடி. இடது காலா வலது காலா என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும்.

இன்னொரு வகை மிதவை சர்வீஸ். வேகம் இதில் பாதிதான், ஆனால் பந்து சுழலாது. சுழலும் பந்தின் பாதை கண்ணுக்குப் பிடிபடும். சுழலாத பந்தின் தையல்களைக் காற்று ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறு பக்கம் வேறு மாதிரி பிடிக்கும். அதனால் பந்து இடமோ வலமோ நழுவும். போதாததற்கு, வேகம் குறைந்து வரும்போது ஒரு கட்டத்தில் காற்றுத்தடை சட்டென்று கூடும். பந்து கை நீட்டிய இடத்துக்கு முன்னாலேயே தொப்பென்று விழும். இதைப் போட உள்ளங்கையின் கெட்டியான அடிப்பகுதியால் பந்தின் நட்டநடுவில் அடித்து, கையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மணிக்கட்டை மடக்கினால் சுழற்சி வந்துவிடும், வேலை கெட்டது.

எப்போது தவறவே கூடாது என்று கேட்டால் இரண்டு நேரம் சொல்வோம். எதிரணி டைம்-அவுட் எடுத்துத் திரும்பியதும் வரும் முதல் சர்வீஸ். நம் ஆள் ஒருவர் சர்வீஸைக் கோட்டை விட்ட பிறகு நமக்குக் கிடைக்கும் அடுத்த சர்வீஸ். இரண்டிலும் எதிரணி திணறிக்கொண்டிருக்கிறது. அதற்கு இலவசமாக மூச்சு கொடுப்பானேன்?

கேள்வி: பந்தைத் தூக்கிப் போட்டது சரியில்லை என்றால் அடிக்காமல் விட்டு மறுபடி போடலாமா?

முன்னொரு காலத்தில் முடிந்தது. இப்போது முடியாது. நடுவர் விசில் அடித்த 8 விநாடிக்குள் ஒரே முயற்சி. தூக்கிப் போட்டு விட்டுவிட்டால் பாயிண்ட் போச்சு.

கேள்வி: எங்கள் கிளப்பில் சர்வதேச அளவுப்படி மைதானமும் நெட்டும் போட விரும்புகிறோம். டேப்பை எங்கே வைத்து அளப்பது?

மைதானம் 18-க்கு 9 மீட்டர், கோடுகளின் 5 சென்டிமீட்டர் அகலமும் அதற்குள் சேர்த்தி. அதாவது டேப் கோட்டின் வெளி விளிம்பில் தொடங்கி வெளி விளிம்பில் முடிய வேண்டும். உள் விளிம்பில் வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 10 சென்டிமீட்டர் பெரிதாகிவிடும். பலர் செய்யும் தவறு இது. மூலை செங்கோணம்தானா என்று பார்க்கக் குறுக்களவு எடுங்கள்: முழு மைதானத்துக்கு 20.12 மீட்டர், பாதிக்கு 12.73 மீட்டர். இரண்டு குறுக்கும் ஒரே அளவு வராவிட்டால் மைதானம் கோணலாகிவிட்டது என்று அர்த்தம். கோடு போடுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள்.

3 மீட்டர் கோட்டை அளப்பது நடுக்கோட்டின் மையத்திலிருந்து, அந்தக் கோட்டின் பின் விளிம்பு வரை. பக்கக் கோட்டுக்கு வெளியேயும் அது துண்டு துண்டாக நீளும்: 15 சென்டிமீட்டர் நீளத்தில் 5 துண்டு, நடுவில் 20 சென்டிமீட்டர் இடைவெளி, மொத்தம் 1.75 மீட்டர். கம்பங்கள் பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி.

ஆண்களுக்கு நெட்டின் உயரம் 2.43 மீட்டர். அளக்க வேண்டிய இடம் மைதானத்தின் நடு. கம்பத்தருகே அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று போய்விடுபவர்கள்தான் அதிகம். அப்போது நடுவில் ஐந்து சென்டிமீட்டர் தொங்கிக்கொண்டிருக்கும். நடுவில் 2.43 வைத்த பிறகு, பக்கக் கோடுகளுக்கு மேலே இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் உயரவும் கூடாது. உயர்ந்தால் கம்பத்தை மாற்ற வேண்டாம், மேல் பட்டைக்குள் ஓடும் கம்பியை இன்னும் இழுத்துக் கட்டுங்கள். அடிக் கயிற்றையும் இழுத்துக் கட்ட வேண்டும். அது தளர்ந்திருந்தால் நெட்டில் பட்ட பந்து துள்ளித் திரும்பாமல் நேராகக் கீழே விழும். அந்தப் பந்தை எடுக்கும் பயிற்சியே நடக்காது. ஒரு மணி நேரம் ஆடியதும் மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். புதுக் கயிறு இளகும்.

ஆன்டெனா 1.80 மீட்டர் நீளம். அதில் 80 சென்டிமீட்டர் நெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கப் பட்டையின் வெளி விளிம்பில், ஒன்று நெட்டின் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் கட்டுவது முறை.

பந்து சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், எடை 260 முதல் 280 கிராம், உள்காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. பவுண்ட் கணக்கில் காட்டும் அளவுமானி என்றால் 4.3 முதல் 4.6 வரை. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து ‘போதும்’ என்பவர்கள் எப்போதும் கூடுதலாகவே அடிக்கிறார்கள். கூடினால் முன்கையில் பட்டதும் பந்து தெறித்து ஓடும், பாஸ் நிற்காது. நிழலில் அடித்து வைத்த பந்தை வெயிலில் போட்டாலும் அழுத்தம் ஏறும். ஆட்டத்துக்கு முன் ஆடும் இடத்திலேயே பாருங்கள்.

கேள்வி: செட்டின் நடுவே இருவர் சேர்ந்து உள்ளே வருகிறார்கள், கொஞ்ச நேரத்தில் பழையவர்கள் சேர்ந்து திரும்புகிறார்கள். இது என்ன?

இரட்டை மாற்று. செட்டர் முன்வரிசைக்கு வந்துவிட்டால் முன்னால் அடிக்க இரண்டு பேர்தான் மிச்சம். அந்த நேரம் செட்டருக்கு நேரெதிர் இடத்தில், அதாவது பின்வரிசையில், எதிர்முனை அடிப்பவர் இருப்பார். செட்டர் இடத்தில் இன்னொரு எதிர்முனை ஆளையும், பின்னால் இருப்பவர் இடத்தில் இன்னொரு செட்டரையும் இறக்கினால் முன்வரிசையில் மறுபடி மூன்று அடிப்பவர்கள். மூன்று சுற்று இப்படி ஓட்டிவிட்டு, பழைய ஜோடியைத் திரும்பக் கொண்டுவருவார்கள்.

விலை அதிகம். ஒரு செட்டுக்கு மொத்தம் 6 மாற்று. போக 2, வர 2 என்று இதற்கே 4 செலவு. கடைசியில் சர்வீஸுக்கு ஒருவரையோ பிளாக்குக்கு உயரமான ஒருவரையோ கொண்டுவர மிஞ்சுவது 2. தவிர, வெளியே போன வீரர் ஒரு செட்டில் ஒருமுறைதான் திரும்பலாம், அதுவும் தன் பழைய இடத்துக்கே. செட் 25-ல் முடியாமல் 30-ஐத் தொட்டால் இதை இரண்டாம் முறை செய்ய வழி கிடையாது. 15-16 வாக்கில் அவசரப்பட்டுச் செய்துவிட்டு, 27-27-ல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பயிற்சியாளர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம்.

கேள்வி: நடுவர் தீர்ப்பை வீடியோவில் பார்க்கச் சொல்லும் சேலஞ்ச் எத்தனை முறை கேட்கலாம்?

செட்டுக்கு இரண்டு. கேட்டது சரியென்று வந்தால் குறையாது, தப்பென்று வந்தால் ஒன்று போகும். பந்து கோட்டில் பட்டதா, பிளாக்கர் விரலில் உரசியதா, யாராவது நெட்டைத் தொட்டார்களா, ஆன்டெனாவில் பட்டதா, கால் கோட்டை மிதித்ததா என்பதையெல்லாம் கேட்கலாம். பந்தைக் கையில் நிறுத்திவிட்டார், இருமுறை தொட்டுவிட்டார் என்று கேட்க முடியாது. அது நடுவரின் கண்ணுக்கு விட்ட விஷயம்.

கேள்வி: வேண்டுமென்றே தோற்ற ஆட்டம் உலக சாம்பியன்ஷிப்பில் உண்டா?

வேண்டுமென்று என்று எந்த அணியும் எழுதிக் கொடுக்காது. ஆனால் 2010-ல் இத்தாலியில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டாம் சுற்றில் பிரேசிலும் பல்கேரியாவும் மோதின. இரண்டுமே முன்பே தேறிவிட்டன. போட்டியின் அமைப்பு எப்படி என்றால், அந்த ஆட்டத்தில் தோற்பவருக்கு அடுத்த சுற்றில் எளிதான பிரிவு. பிரேசில் தன் வழக்கமான செட்டர் இல்லாமல் ஆடி 3-0 என்று தோற்றது. அரங்கம் முழுக்க விசிலும் கூச்சலும். பிறகு அதே பிரேசில் இறுதியில் கியூபாவை 3-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. 2002, 2006-ஐத் தொடர்ந்து மூன்றாம் முறை.

எங்கள் கருத்து: குற்றத்தில் பாதி அட்டவணை போட்டவர்களுடையது. தோற்றால் லாபம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தால் யாராவது நுழையத்தான் செய்வார்கள். பிரிவில் இரண்டு பேர், அடுத்தது நேரடி வெளியேற்றம் என்ற இப்போதைய முறையில் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை என்றாலும் இடுக்கு சிறிதாகிவிட்டது. செட் விகிதம் பார்ப்பதால், ஒரு செட்டைக்கூடச் சும்மா விட யாருக்கும் துணிச்சல் வராது.

கேள்வி: வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகப் பட்டம் வென்றவர் உண்டா?

இத்தாலியின் ஃபெர்டினாண்டோ டி ஜியோர்ஜி. செட்டராக 1990, 1994, 1998. பயிற்சியாளராக 2022, 2025. மொத்தம் ஐந்து.

கேள்வி: தோற்றுவிட்டது என்று டி.வி.யை அணைத்த பிறகு திரும்பிய ஆட்டம் எது?

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் இறுதி. ரஷ்யாவுக்கு எதிராக பிரேசில் முதல் இரண்டு செட்டை 25-19, 25-20 என்று எடுத்துவிட்டது. ஒவ்வொரு செட்டுக்கும் முன் பயிற்சியாளர் ஆறு பேரின் இடங்களை எழுதி ஒரு சீட்டு கொடுப்பார். மூன்றாவது செட்டுக்கு ரஷ்யாவின் விளாதிமிர் அலெக்னோ கொடுத்த சீட்டுதான் கதை. 2.18 மீட்டர் உயரமுள்ள நடு பிளாக்கர் திமித்ரி முசெர்ஸ்கியை எதிர்முனை அடிப்பவராக மாற்றினார்; அங்கே ஆடிவந்த மக்சிம் மிகாய்லோவை இடது ஓரத்துக்கு அனுப்பினார்.

இதனால் என்ன ஆயிற்று? நடு ஆள் மூன்று சுற்று பின்வரிசைக்குப் போகும்போது லிபரோ அவர் இடத்துக்கு வந்துவிடுவார். அதாவது முசெர்ஸ்கி பாதி நேரம் பெஞ்சில். எதிர்முனை ஆளாக்கியதும் ஆறு சுற்றும் உள்ளேயே. மேலும் நடு ஆளுக்குப் பந்து கொடுக்க நல்ல பாஸ் வேண்டும், ஓரத்து ஆளுக்கு எப்படிப்பட்ட பாஸிலிருந்தும் உயரமாகத் தூக்கிக் கொடுக்கலாம். பிரேசிலின் சர்வீஸால் ரஷ்யாவின் பாஸ் சிதறிக்கொண்டிருந்த நாள் அது. பிளாக்குக்கு மேலாகவே அடிக்கும் ஒருவரை ஓரத்தில் வைத்துவிட்டால் சிதறிய பாஸ்கூடச் சோறு போடும். பிரேசில் வகுத்த பிளாக் திட்டம் அத்தனையும் வேறு ஓர் அணிக்கானதாகிவிட்டது.

மூன்றாவது செட்டில் ஆட்டத்தை முடிக்கும் பாயிண்ட்டுகள் பிரேசிலுக்குக் கிடைத்தன, முடிக்க முடியவில்லை. 29-27 ரஷ்யா. அடுத்தது 25-22. ஐந்தாவது 15-9. முசெர்ஸ்கியின் கணக்கில் 31 பாயிண்ட்.